சாம்பல் நோயா, சாம்பலா? செல்போனில் பூச்சிப் படம் எடுக்கப் பழகுவோம்



திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 400 சதுர அடியில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. பொன்னேரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம். 34 வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்துவிட்டு, அறுபதுக்கு மேல் மண்ணைப் பார்க்க வந்தவன் நான். அதனால் பரம்பரை விவசாயிக்குக் கண்ணாலேயே தெரிகிற பல விஷயம் எனக்குத் தெரியாது. அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் செல்போன் கேமராவைக் கையில் எடுத்தேன். அதில் நான் கற்றதை, செய்த தவறுகளோடு சேர்த்து எழுதுகிறேன்.

சில வருஷம் முன்பு ஒரு மார்கழி மாதம். மாடியில் படர்ந்திருந்த பூசணி இலைகளில் வெள்ளை படிந்தது. பூசணி, சுரை, பீர்க்கு என்றால் சாம்பல் நோய் வரும் என்று படித்திருக்கிறோமே! உடனே புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து அடித்தேன். அடித்த அன்று இலை பளிச்சென்று இருக்கும். இரண்டே நாளில் வெள்ளை திரும்ப வந்துவிடும். இப்படியே மூன்று வாரம் போனது. மோரைக் கூட்டினேன், குறைத்தேன், வேப்பெண்ணெய் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

விடுமுறைக்கு வந்த பேரன் தன் போனில் ஒரு சின்ன கிளிப் லென்ஸை மாட்டி அந்த இலையைப் படம் எடுத்தான். "தாத்தா, இது பூஞ்சை மாதிரி இல்லையே, மண்ணு மாதிரி இருக்கு" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சாம்பல் நிறத்திலும் கறுப்பிலும் துகள் துகளாக நரம்புப் பள்ளங்களில் உட்கார்ந்திருந்தது. நூல் மாதிரி எதுவும் இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் அடியில் இலை பச்சைப் பசேலென்று இருக்கிறது!

நமக்கு வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள், கிழக்கே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். மார்கழியில் வடக்கிலிருந்து காற்று. வந்தது எந்தப் புகைபோக்கிச் சாம்பல், எந்த லாரித் தூசி என்று படம் சொல்லாது. ஆனால் இது நோய் இல்லை என்று சொல்லிவிட்டது. சாம்பல் நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். செடி மேல் இருந்ததோ நிஜமான சாம்பல். அதற்கு வேண்டியது மோர் இல்லை, காலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர்.

இரண்டாவது தவறு கொஞ்சம் பெரியது

மோர் வீணானதோடு அது முடிந்தது. அடுத்தது அப்படி இல்லை. மாடியில் இருந்த கொய்யாவிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி வந்தது. காதி சோப்பும் வேப்பெண்ணெயும் கலந்து அடித்தேன். கொஞ்சம் பெரிதாக, நீள நீளமான வெள்ளை மெழுகு நூல்களோடு இருந்தவற்றைக் கண்டால் "இதுதான் தாய்ப்பூச்சி" என்று நினைத்து விரலால் நசுக்கினேன். ஒரு நாளைக்கு இருபது, முப்பது.

ஒரு காலையில் என் மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க, இந்த மாவுப்பூச்சி ஓடுது!" மாவுப்பூச்சி ஊரும், ஓடாது. அதற்குள் நானும் ஒரு கிளிப் லென்ஸ் வாங்கியிருந்தேன். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. மெழுகு நூலுக்கு அடியில் ஆறு நல்ல கால்கள், முன்னால் கடிக்கும் வாய். அந்த வாயில் ஒரு நிஜமான மாவுப்பூச்சி. நான் நாள்தோறும் நசுக்கியது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழுக்கள். 1898ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. மாவுப்பூச்சிபோல வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்னும். உழவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். எனக்கு அது தானாக வந்தது, நான் கொன்றேன்.

அன்றோடு தெளிப்பதை நிறுத்தினேன். செடியில் ஏறிய எறும்பை மட்டும் தடுத்தேன். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். அடுத்த மாதம் கொய்யா தேறிவிட்டது. அன்று முதல் எனக்கு ஒரு விதி. வங்கியில் வவுச்சர் இல்லாமல் பற்று எழுத மாட்டோம். தோட்டத்தில் படம் இல்லாமல் எதையும் தெளிப்பதில்லை. இயற்கை மருந்தானாலும் சரி.

200 வருஷத்துக்கு முந்தைய சென்னைப் பாடம்

இப்படி ஏமாந்தவன் நான் மட்டும் இல்லை. 1786 வாக்கில் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே புல்லில் ஒரு செதில் பூச்சியைப் பார்த்துவிட்டு, சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியின் உறவு என்று நம்பி லண்டனில் இருந்த ஜோசப் பேங்ஸுக்குக் கடிதம் எழுதினார். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795ல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அசல் கொச்சினீல் என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். வந்தது அதன் பங்காளி இனம், சாயம் மட்டம். அசல் பூச்சியின் உடம்பில் மாவு தூவியதுபோல இருக்கும். பங்காளி பஞ்சு போர்த்தியதுபோல இருக்கும். பார்த்தால் இரண்டுமே வெள்ளை.

கதை அதோடு முடியவில்லை. சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அழித்துத் தள்ளியது. ஆனால் நம் ஊர் வேலிகளில் பரவியிருந்த இன்னொரு வகைக் கள்ளியை அது தொடவே இல்லை. அதற்கு, பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற வேறொரு இனத்தை 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் கள்ளிக்காடுகள் அடங்கின. நம் தாத்தாக்கள் காலத்தில் இது பெரிய பேச்சு. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நம் காலத்திலும் நடந்தது. 2008ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் நாசம் செய்தது. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி அது. மாவுப்பூச்சிக்குள்ளே முட்டையிட்டு வேலையை முடித்தது. அந்த நேரத்தில் விஷம் தெளித்த தோட்டத்தில் மாவுப்பூச்சியோடு குளவியும் செத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத நண்பனைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அவனைக் கண்ணுக்குத் தெரிய வைக்க வேண்டும். இனி அதற்கான பாடம்.

என்ன கருவி வேண்டும்?

பெரிய கேமரா வேண்டாம். உங்கள் போனே போதும். சாதாரண போன் கேமரா சுமார் 8, 10 சென்டிமீட்டருக்கு மேல் கிட்டே போனால் மங்கிவிடும். அதனால் மூன்று வழி:

1. எந்த லென்ஸும் இல்லாமல்: ஒரு சாண் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பிறகு வேண்டிய இடத்தை வெட்டிப் பெரிதாக்குங்கள். பொறிவண்டு, புழு, வண்ணத்துப்பூச்சி அளவுக்கு இது போதும்.

2. கிளிப் லென்ஸ்: கேமரா மேல் துணி கிளிப் மாதிரி மாட்டிக்கொள்வது. 300 ரூபாயில் நான் வாங்கியதே இன்றும் ஓடுகிறது. பூச்சிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கிட்டே போகலாம். அசுவினி, மாவுப்பூச்சி, முட்டை எல்லாம் தெளிவாக விழும். மாட்டும்போது போனின் முக்கியக் கேமராவுக்கு நேராக மாட்டுங்கள். இரண்டு, மூன்று கேமரா இருந்தால் எது முக்கியம் என்று விரலால் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் தெரியும்.

3. நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு கண் லென்ஸ்: அதைக் கேமரா முன்னால் ஒட்டிப் பிடித்தாலே படம் வரும். கையிலும் வைத்துப் பார்க்கலாம், போனிலும் எடுக்கலாம்.

விலை குறைந்த சில போன்களில் "மேக்ரோ" என்று 2 மெகாபிக்சலில் தனிக் கேமரா இருக்கும். அதைவிட முக்கியக் கேமராவில் கிளிப் லென்ஸ் மாட்டினால் படம் நன்றாக வருகிறது. எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்கள் மேக்ரோ லென்ஸ் வாங்குமுன் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டுப் பாருங்கள், செலவு குறைவு.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு மடிக்கும் காகித மைக்ராஸ்கோப் ஒன்று இருக்கிறது. பெயர் ஃபோல்ட்ஸ்கோப். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுக்காரரான மனு பிரகாஷும் அவர் குழுவும் உருவாக்கியது. 140 மடங்கு பெரிதாகக் காட்டும். இலையில் படிந்தது பூஞ்சை விதையா, தூசியா என்று அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்.

எப்போது எடுப்பது?

காலை 6 மணியிலிருந்து 8 மணிவரை. இதற்கு மூன்று காரணம். இரவுக் குளிரில் பூச்சி மந்தமாக உட்கார்ந்திருக்கும். வெயில் சாய்வாக, மென்மையாக இருக்கும். மூன்றாவதாக, காற்று இருக்காது. எங்கள் கடற்கரைப் பக்கம் உச்சிவேளை நெருங்கும்போது கடல்காற்று கிளம்பிவிடும். அப்புறம் இலை ஆடிக்கொண்டே இருக்கும். பெரிதாக்கிப் பார்க்கும்போது இலை ஒரு மில்லிமீட்டர் ஆடினாலும் பூச்சி படத்தை விட்டே ஓடிவிடும்.

காற்று அடித்தே தீரும் என்றால் ஒரு குச்சியைத் தொட்டியில் நட்டு, துணி கிளிப்பால் தண்டைக் குச்சியோடு பிடித்து வையுங்கள்.

கைப்பழக்கம்

இந்தப் படத்தில் பெரிய தொல்லை ஃபோகஸ்தான். கிட்டே போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறைந்துகொண்டே வரும். கிளிப் லென்ஸில் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். தலை தெளிந்தால் வால் மங்கும். அதற்கு நான்கு பழக்கம்:

ஒன்று, போனை இலைக்கு இணையாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பாதிதான் தெளியும்.

இரண்டு, இடது கையால் இலையை நுனியில் பிடித்து, வலது கை மணிக்கட்டை இடது கை மேல் ஊன்றுங்கள். இலையும் போனும் சேர்ந்து ஆடும். அதனால் படம் ஆடாது.

மூன்று, திரையைத் தட்டித் தட்டி ஃபோகஸ் தேடாதீர்கள். ஒருமுறை தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தெளிந்த நொடியில் பொத்தானை அழுத்துங்கள்.

நான்கு, ஒன்று எடுத்துத் திருப்திப்படாதீர்கள். பத்து எடுங்கள். ஒன்பதை அழித்துவிடலாம். ஃபிலிம் காசா போகிறது?

வெளிச்சத்துக்குப் போன் ஃபிளாஷைப் போடாதீர்கள். மெழுகும் பனித்துளியும் பளீரென்று வெளுத்து, விவரமெல்லாம் மறையும். ஒரு வெள்ளைக் காகிதத்தை எதிர்ப்பக்கம் பிடித்தாலே நிழல் குறையும். இலைக்கு அடியில் இருட்டாக இருந்தால் டார்ச் மேல் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பக்கவாட்டில் காட்டுங்கள். இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து எடுத்தால் இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழுகூடத் தெரியும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விசேஷ வார்த்தை. உப்புக்காற்றில் ஒரே நாளில் லென்ஸ் மேல் மெல்லிய படலம் படியும். எங்கள் பக்கத்தில் அதோடு தூசியும் சேரும். அப்படியே துடைத்தால் தூசி கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளுங்கள். பிறகு பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். லென்ஸை மூடி போட்ட டப்பாவில், மாத்திரை பாட்டில்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் லென்ஸுக்கே பூஞ்சை பிடிக்கும்.

ஒரு பூச்சிக்கு ஐந்து படம்

அழகான ஒரே ஒரு படத்தை வைத்து யாராலும் பூச்சியை அடையாளம் சொல்ல முடியாது. நான் வழக்கமாக எடுப்பது ஐந்து:

1. முழுச் செடி.
2. பாதிக்கப்பட்ட இலை, மேல்பக்கம்.
3. அதே இலை, அடிப்பக்கம். பாதிக் கதை இங்கேதான் இருக்கும்.
4. பூச்சி, மேலிருந்து. பக்கத்தில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாள் துண்டு ஒன்றை வையுங்கள். அளவு தெரியாத படம் தொகை எழுதாத காசோலை மாதிரி.
5. பூச்சியின் முகம் அல்லது பக்கவாட்டு.

ஐந்தாவது படம் எதற்கு என்று கேட்பீர்கள். மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018ல் கர்நாடகத்தில் முதலில் தெரிந்து, அதே வருஷம் நம் மாநிலத்துக்கும் வந்தது. அதன் தலையில் ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகப் போட்டதுபோலக் கோடு இருக்கும். வால் பக்கத்தில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக இருக்கும். இந்த இரண்டையும் காட்டாத படம் வெறும் புழுப் படம்.

எடுத்த அன்றே ஒரு நோட்டில் தேதி, பயிர், இடம், அன்றைய வானிலை, என்ன செய்தோம் என்பதை எழுதிவிடுங்கள். ஐந்து நாள் கழித்து அதே இலையைத் திரும்ப எடுங்கள். பூச்சி கூடியதா குறைந்ததா என்பதை மனசு தப்பாகச் சொல்லும். தேதி போட்ட படம் தப்பாகச் சொல்லாது.

முதல் பள்ளிக்கூடம்: எருக்கஞ்செடி

எங்கே தொடங்குவது? பூச்சியைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் காலி மனை, ரயில் பாதை ஓரம், உப்பு மண், எங்கும் எருக்கு இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும். பூச்சிவிரட்டிக்கு எருக்கிலை பறிக்கிறோமே, பறிக்குமுன் பத்து நிமிஷம் அதைப் பாருங்கள்.

குருத்தில் மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கால்களோடு அசுவினி அப்பியிருக்கும். ஓடாது, பறக்காது. கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பொறுமையான மாடல் கிடையாது. நாலு நாள் தொடர்ந்து பாருங்கள். முதலில் எறும்பு தெரியும். அப்புறம் முதலை வடிவத்தில் பொறிவண்டுப் புழு வரும். கால் இல்லாத, நத்தை மாதிரி ஊர்கிற பூ ஈயின் புழு ஒரு அசுவினியைத் தூக்கி உறிஞ்சும். நடுவில் சில அசுவினி மட்டும் உப்பிப்போய், பழுப்பு நிறத்தில் அசையாமல் இருக்கும். அதன் முதுகில் வட்டமான ஓட்டை இருந்தால், உள்ளே வளர்ந்த குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். ஓட்டை இல்லை என்றால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது.

இலைக்கு அடியில் தேடினால் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் முட்டையும் வரிவரியான புழுவும் கிடைக்கும். மஞ்சளும் நீலமும் கலந்த எருக்கு வெட்டுக்கிளியும் வரும். ஒரே செடியில் ஒரு மாதப் பாடம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கை கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.

படத்தில் எதைத் தேடுவது?

சாம்பல் நோய் என்றால் வட்ட வட்டத் திட்டாக இருக்கும். பெரிதாக்கினால் சிலந்தி வலை மாதிரி நூலும் மாவும் தெரியும். தூசி என்றால் துகள், பள்ளத்தில் சேர்ந்திருக்கும், மழை பெய்தால் போய்விடும்.

வெள்ளை ஈ என்றால் இலையடியில் அதன் கூட்டுப்புழு ஓடுகளைப் பாருங்கள். ஈ வெளிவந்த ஓட்டில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரிப் பிளவு இருக்கும். ஒட்டுண்ணிக் குளவி வெளிவந்த ஓட்டில் வட்ட ஓட்டை இருக்கும். வட்ட ஓட்டை அதிகமாக இருந்தால் பேசாமல் இருங்கள், வேலை நடந்துகொண்டிருக்கிறது.

நூல் மாதிரிக் காம்பின் நுனியில் ஒரு முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, நம் ஆள். புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசி மாதிரி வெள்ளைக் கூடுகள் இருந்தால் அது குளவிக் கூடு. அந்தப் புழு இனி நமக்குச் சேதம் செய்யாது, அதைக் கொல்லாதீர்கள்.

டிரைக்கோகிரம்மா அட்டை வாங்குகிறவர்களுக்கும் இது உதவும். கறுத்த முட்டைகள் ஓட்டை இல்லாமல் இருந்தால் குளவி உள்ளே இருக்கிறது. ஓட்டை விழுந்திருந்தால் குளவி வழியிலேயே போய்விட்டது. காசு கொடுக்குமுன் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

நெல் வயலில் ஒரு சோதனை

பொன்னேரியில் என் பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் காலையிலேயே வந்துவிட்டார். "மேனேஜர் சார், குருத்துப்பூச்சி முட்டை போட்டிருக்கு. மருந்து வாங்கப் போறேன். உங்களுக்கும் சேத்து வாங்கவா?" நெல் இலை நுனியில் பழுப்பு முடி போர்த்திய முட்டைக் குவியல். படம் எடுத்தோம். குவியல் ஒன்றின் மேல் ஊசி முனை அளவில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. பெரிதாக்கினால் குளவி!

"ஒரு வாரம் பொறுங்க" என்று கெஞ்சினேன். இரண்டு பேர் நிலத்திலும் சேர்த்துப் பத்துக் குவியலை இலையோடு கிள்ளி, பத்து சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, ஈரப்பஞ்சு வைத்து, வாயில் துணி கட்டி நிழலில் வைத்தோம். தினமும் காலையில் ஒரு படம். நான்காம் நாளிலிருந்து கதை வெளியே வந்தது. மூன்று பாட்டிலில் கறுப்புத் தலைப் புழுக்கள் மட்டும். ஏழு பாட்டிலில் குளவி. அதில் இரண்டில் புழுவும் கலந்து வந்தது. வந்த குளவிகளைத் திரும்ப வயலிலேயே விட்டோம், புழுவை விடவில்லை.

அவர் அந்தப் போகம் மருந்து வாங்கவில்லை. அறுவடையில் அங்கங்கே வெண்கதிர் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் மருந்துச் செலவை வைத்துக் கணக்குப் பார்த்தால் நட்டமில்லை என்று அவரே சொன்னார். இப்போது அவர் பேத்தி போனில் கிளிப் லென்ஸ் இருக்கிறது. எல்லா வருஷமும், எல்லா வயலிலும் பத்துக்கு ஏழு வரும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வயலில் எத்தனை என்று நீங்கள்தான் பாட்டிலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள்

படத்துக்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைப்பது, ஊசி குத்துவது, கூட்டைப் பிரிப்பது வேண்டாம். பார்க்க வந்தோம், பார்த்துவிட்டு விடுவோம். கம்பளிப்புழு, குளவிக்கூடு பக்கம் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். வரப்பில் குனியுமுன் காலடியைப் பாருங்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும்.

துறைமுகம், ஆலைகளின் சுற்றுச்சுவர் ஓரத்தில் போனைத் தூக்காதீர்கள். அங்கே படம் எடுக்கத் தடை. சுவரோரப் புதரில் தும்பியை எடுக்கப் போய் ஒரு காவலாளியிடம் அரை மணி நேரம் விளக்கம் சொன்னவன் நான். போனில் இருந்த தும்பியைக் காட்டிய பிறகு அவரே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

போன் செயலிகள் பூச்சிப் பெயர் சொல்லும். ஆரம்பத் துப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பித் தெளிக்காதீர்கள். மாவுப்பூச்சியையும் பொறிவண்டுப் புழுவையும் அவையும் குழப்பும். சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஐந்து படத்தோடு போங்கள். திருவள்ளூர் மாவட்டத்தாருக்குத் திரூரில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று போட்டு அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கி, நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த விவரமெல்லாம் போய்விடும்.

இந்த மாத வீட்டுப்பாடம்

முதல் வாரம்: அசையாதவை. இலை நரம்பு, முட்டை, மாவுப்பூச்சி.
இரண்டாம் வாரம்: எருக்கு அசுவினியும் அதைத் தின்பவர்களும்.
மூன்றாம் வாரம்: உங்கள் பயிரில் ஒரே இலை, ஏழு நாளும் காலையில் ஒரு படம்.
நான்காம் வாரம்: பூவுக்கு வரும் தேனீ, குளவி, பூ ஈ. பூச்சியைத் துரத்தாமல், பூவுக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். அது தானாக வரும்.

மாத முடிவில், தெளிக்க நினைத்துத் தெளிக்காமல் விட்டது எத்தனை தடவை என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். என் நோட்டில் முதல் வருஷம் அது பதினொன்று. அந்தப் பதினொன்றில் இரண்டு தடவை தெளித்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. மீதி ஒன்பதிலும் யாரோ எனக்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் மாடியில் இந்த மார்கழியிலும் இலையில் வெள்ளை படியும். இப்போது அதற்கு மோர் எடுப்பதில்லை. முதலில் லென்ஸ், பிறகு ஈரத்துணி. துடைத்தும் போகாவிட்டால்தான் மோர். நீங்கள் எடுத்த படங்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.